நாய்க்கு அது எலும்புதான்

"எங்கள் ப்ரூனோ ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாது, டாக்டர்."

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். நாயின் பெயர் மட்டும் மாறும். சொல்கிறவர் கையில் ஒரு துண்டு இருக்கும். துண்டுக்குள் பாலைவன ஆமை இருக்கும்.

சென்ற கோடையில் வந்தவர் சாண்ட்லரில் வசிக்கும் தமிழர். துண்டை விலக்கிப் பார்த்தேன். ஓட்டின் முன்விளிம்பு எலி கரண்டிய கொட்டாங்கச்சிபோல் இருந்தது. பழுப்புத் தகடு உரிந்த இடத்தில் வெள்ளை எலும்பு, அதில் பொட்டுப் பொட்டாக ரத்தம். காய்ந்த எச்சிலில் மணல் ஒட்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக நாயும் ஆமையும் ஒரே கொல்லையில் சண்டையில்லாமல் இருந்தனவாம். ஆமையின் அருகே ப்ரூனோ படுத்துறங்கும் படத்தைக்கூடக் கைபேசியில் காட்டினார்.

இந்த இரண்டு ஆண்டுக் கணக்கை நான் நம்புவதில்லை. அக்டோபர் கடைசியில் வளைக்குள் போகும் ஆமை குளிர்கால உறக்கம் முடிந்து மார்ச் வாக்கில்தான் வெளியே வருகிறது. வெயில் கொளுத்தும் பகலிலும் உள்ளேதான் கிடக்கும். காட்டில் வாழும் பாலைவன ஆமையே தன் வாழ்நாளில் சுமார் 95 விழுக்காட்டை வளையில் கழிக்கிறது. அப்படியானால் நாயும் ஆமையும் நேருக்கு நேர் சந்தித்த நேரம் எவ்வளவு இருக்கும்? நட்பு என்று நாம் நினைத்தது பெரும்பாலும் சந்திக்காமல் இருந்ததுதான்.

ப்ரூனோவைக் கெட்ட நாய் என்று சொல்லமாட்டேன். ஆமையின் ஓடு, மேலே நகம் போன்ற கெரட்டின் தகடு போர்த்திய உயிருள்ள எலும்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அதோடு ஒன்றாகிப் போயிருக்கின்றன. கடையில் வாங்கிப் போடும் எலும்பைக் கடிப்பதுபோலத்தான் நாய் இதையும் கடிக்கிறது. அதில் கோபம் இல்லை, குரைப்பும் இல்லை. கடிபடும் ஆமையும் கத்தாது, ஓடாது. உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும். ஆனால் ஓட்டில் நரம்பு இருக்கிறது, வலிக்கிறது. வீட்டில் இருப்பவர் காதுக்கு எதுவும் எட்டாமலே ஒரு மணி நேரம் இது நடக்கலாம். போதாக்குறைக்கு, மிரண்ட ஆமை சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிடும். ஜூன் வெயிலில் அந்த இழப்பே அதற்கு ஆபத்து.

கடிபட்டால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈரமான சுத்தத் துணியால் காயத்தை மூடி, ஆமையை ஒரு பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெளியே விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். சூப்பர் க்ளூ போட்டு விரிசலை ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. நாய்க்கு வாங்கிய மருந்தையும் தொடாதீர்கள். குறிப்பாக ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு.

எங்கள் பக்கம் எக்ஸ்ரே, வலி மருந்து, நீரேற்றல், ஆன்டிபயாட்டிக் ஊசி, பிறகு வாரக்கணக்கில் கட்டு மாற்றல். எலும்பு ஆற மாதங்கள் ஆகும். சில ஆமைகளுக்கு ஓர் ஆண்டைத் தாண்டும்.

நாயைப் பழக்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சுவர்தான் வேண்டும். அதுவும் கம்பி வலை வேண்டாம். மறுபக்கம் தெரிந்தால் ஆமை நாள் முழுவதும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு முட்டும், இந்தப் பக்கம் நாய்க்கு வெறி ஏறும். ஆமைக்கு ஒன்றரை அடிக் கல் சுவர் போதும், உயரத்தைத் தீர்மானிப்பது நாய்தான். வளை, நிழல், தட்டையான தண்ணீர்த் தட்டு எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். நாய்த் தீனியை ஆமை ஆசையாகத் தின்னும், அந்தப் புரதம் அதற்கு ஆகாது. அதற்கு வேண்டியது புல்லும் இலையும். இங்கே பெர்முடா புல் என்று விற்பது நம் அறுகம்புல்தான். மருந்தடிக்காத அறுகும் சப்பாத்திக்கள்ளி மடலும் செம்பருத்திப் பூவும் போடுங்கள். ஆமையின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம். நாய் அதைத் தின்னும், குழந்தைகள் நாயைக் கொஞ்சுவார்கள். கை கழுவச் சொல்லுங்கள்.

"வேண்டாம் டாக்டர், பாலைவனத்திலேயே விட்டுவிடுகிறோம்" என்றார் அவர். கூடாது என்றேன். வீட்டு ஆமை சுமந்துபோகும் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய்க் கிருமி காட்டு ஆமைகளுக்குப் பரவும். பக்கத்து மொஹாவி பாலைவனத்தின் ஆமைகள் 1990 முதல் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளானவையாக அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பட்டியலில் இருக்கின்றன. அரிசோனாவில் காட்டிலிருந்து எடுப்பதும் சட்டவிரோதம், வளர்த்ததைக் காட்டில் விடுவதும் சட்டவிரோதம். வளர்க்க முடியாதவர்கள் மாநில வனவிலங்குத் துறையான கேம் அண்ட் ஃபிஷ் துறையின் தத்துத் திட்டத்திடம் ஒப்படைக்கலாம்.

அவர் ஒப்படைக்கவில்லை. அடுத்த மாதம் கட்டு மாற்ற வந்தபோது, சுவர் கட்டியாயிற்று என்று படம் காட்டினார். நல்ல கல் சுவர். அதன் மேல்விளிம்பில் ப்ரூனோவின் முன்னங்கால்கள் இரண்டும், நடுவில் மூக்கும் தெரிந்தன. இன்னும் இரண்டு வரிசைக் கல் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.