அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாவுக்கு ஏன் தூக்கம் போகிறது?

விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ ஆறு மாதம் தங்கக் கிளம்பும் பெரியவர்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் கிளினிக்குக்கு வருகிறார்கள்.

அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு 68 வயது. இரவில் இன்சுலின் போடுபவர். எப்போதும் கட்டுக்குள் இருக்கும் பிரஷர் அன்று 160-ஐத் தாண்டியிருந்தது. "பெட்டி 23 கிலோவுக்கு மேல் போயிட்டா என்ன செய்றது டாக்டர்? துபாய்ல எங்களுக்குக் கேட் கண்டுபிடிக்கத் தெரியுமா? இமிகிரேஷன்ல என்ன கேப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

மாத்திரையைக் கூட்டவில்லை. "மனசில் ஓடுறதையெல்லாம் சாயங்காலம் உட்கார்ந்து எழுதுங்கம்மா" என்றேன். இரண்டு மணிக்கு எழுந்து யாரிடம் கேட்பது? பதில் வராததால் அதே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. மறுவாரம் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தார். பாதிக்குமேல் மகளிடம் ஒரு போனில் முடியக்கூடியவை. டிக்கெட்டிலேயே வீல்சேர் கேட்டுப் பதிந்துவிட்டால், விமான நிலைய ஊழியரே அடுத்த கேட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். இமிகிரேஷன் கேள்வி மாதிரி இப்போதைக்கு விடை இல்லாதவற்றுக்கு எதிரே, 'அன்றைக்குப் பார்த்துக்கலாம்' என்று அவர் கையாலேயே எழுதவைத்தேன்.

ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு உண்மையில் கவலை தந்தது அதுதான்.

இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே குளிரில் உறைந்தால் அது வீண். கைப்பையில்தான் வர வேண்டும், கூடவே மருந்துச் சீட்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்குள்ள டாக்டருக்குப் புரியாது. மருந்தின் மூலப் பெயர் வேண்டும். நம் பாராசிட்டமாலுக்கே அங்கே அசெட்டமினோஃபென் என்றுதான் பெயர். சொந்த உபயோகத்துக்கு 90 நாளுக்கு மேல் மருந்து கொண்டுவர வேண்டாம் என்பது அமெரிக்க வழிகாட்டல். தங்குவதோ ஆறு மாதம். மீதிக்கு அங்கே எந்த டாக்டரைப் பார்ப்பது என்பதைப் பிள்ளைகள் முன்பே பேசி வைக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு அது செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.

நேர மாற்றமும் உண்டு. கோடையில் நியூஜெர்சி நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். பயண நாள் நீண்டுகொண்டே போகும்போது ராத்திரி ஊசியை எப்போது போடுவது? இதை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

விமானத்தில் தூங்க மாத்திரை கேட்பவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். மாத்திரை போட்டால் கால் நீட்டி மடக்கக்கூட எழ மாட்டார்கள்.

அப்புறம், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது டாக்டரிடம் வராதீர்கள். ஒரு மாதமாவது முன்பே வாருங்கள். அந்த அம்மா சாப்பிட்ட சர்க்கரை மாத்திரையில் வோக்லிபோஸ் சேர்ந்திருந்தது. அது அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. வேறு மருந்துக்கு மாற்றி, அது அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க எங்களுக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது.