400 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டு: எதில் செலவழித்தால் பில் குறையும்?

சிங்கப்பூரில் சமூக மேம்பாட்டு மன்றங்கள் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்த அன்றே அரிசி, எண்ணெய் வாங்கித் தீர்த்துவிடுகிறோம். மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் வீட்டுப் பொருள்கள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டு அப்படியில்லை. வாங்கி வைத்தவர்கள்கூட அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் அதை வாங்கவே இல்லை. 2027 டிசம்பர் 31 வரை செல்லும் என்பதால் யாருக்கும் அவசரமில்லை. பழைய ஃப்ரிட்ஜ் மட்டும் அதுவரை இரவும் பகலும் ஓடி மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் விவரம். தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. 2020-இல் தொடங்கியபோது ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மட்டுமே கிடைத்தது. 2024 ஏப்ரலில் எல்லா வீவக குடும்பங்களுக்கும் 300 வெள்ளி என விரிவாக்கினார்கள். 2025 ஏப்ரல் 15 முதல் வீவக குடும்பங்களுக்கு இன்னும் 100 வெள்ளி சேர்ந்தது. தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் அன்றிலிருந்து 400 வெள்ளி உண்டு. ஆக, இரு தரப்புக்கும் மொத்தம் 400. முதல் 300-ஐ வாங்கிச் செலவழித்து முடித்தவர்கள் பிறகு வந்த 100-ஐ மறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்றல்ல. குடும்பத்தில் யாராவது ஒருவர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் உள்ளே போய்ப் பெற்றுக்கொண்டால் போதும். குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும். அதை வீட்டில் மற்றவர்களுக்கும் அனுப்பலாம். கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால் ஸ்கேன் செய்துகொள்வார்கள். 400-ஐயும் ஒரே கடையில் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தில் சேர்ந்த கடைகளில்தான் செல்லும், அங்கும் தகுதியுள்ள பொருளுக்கு மட்டும்தான். வயதானவர்கள், சிங்பாஸ் பழக்கமில்லாதவர்கள் அருகிலுள்ள சமூக மன்றத்தில் உதவி கேட்கலாம். பற்றுச்சீட்டு தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கு விவரம் கேட்டால், அது மோசடிதான்.

சரி, என்ன வாங்கலாம்? ஏர்கான், ஃப்ரிட்ஜ், எல்இடி விளக்கு, குறைந்த மின்சாரத்தில் சுற்றும் டிசி மோட்டார் மின்விசிறி, காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஆகியவை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பக்கம். ஷவர், குழாய், கழிவறைத் தொட்டி, வாஷிங் மெஷின் தண்ணீர்ப் பக்கம். பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தபட்ச டிக் கணக்கு இருக்கிறது. டிக் என்பது பொருளின் லேபிளில் போட்டிருக்கும் சிக்கனக் குறி; டிக் கூடினால் சிக்கனமும் கூடும். ஏர்கானுக்கு 5 டிக் வேண்டும், ஃப்ரிட்ஜுக்கு 3 டிக்கும் அதற்கு மேலும். ஆக, கடையில் மலிவாக இருக்கிறதே என்று கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் பற்றுச்சீட்டு செல்லாமல் போகலாம். விலை பேசுவதற்கு முன்பே, “இந்த மாடலுக்குப் பருவநிலை வவுச்சர் செல்லுமா?” என்று கேட்டுவிடுவது நல்லது. பொருத்துகிற கூலியும் பழையதை எடுத்துப்போகிற கூலியும் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விலைச்சீட்டில் அவை இருக்காது.

டிக் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பொருள் அதன் அளவுக்கு எவ்வளவு சிக்கனமானது என்பதைத்தான் டிக் சொல்கிறது. 3 டிக் போட்ட பெரிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், அதே 3 டிக் போட்ட சின்ன ஃப்ரிட்ஜைவிட அதிக மின்சாரம் எடுக்கும். அதனால் ஒட்டியிருக்கும் லேபிளில் டிக்கை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். அதன் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட், அதாவது எத்தனை கிலோவாட்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். நம் பில்லைத் தீர்மானிப்பது அந்த எண்தான். இரண்டு ஃப்ரிட்ஜுக்கு நடுவே ஆண்டுக்கு 200 யூனிட் வித்தியாசம் என்று வையுங்கள். யூனிட் சுமார் 30 காசு என்றால் ஆண்டுக்கு 60 வெள்ளி. பத்து ஆண்டு ஓடுகிற பொருளுக்கு 600 வெள்ளி. கடைக்காரர் குறைத்துத் தருகிற 50 வெள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதற்குச் செலவழிப்பது என்பதில் என் கருத்து நேரானது: நிற்காமல் ஓடுகிற பொருள் முதலில், நெடுநேரம் ஓடுகிற பொருள் அடுத்து. 2017-இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் நடத்திய ஆய்வில், வீட்டு மின்சாரத்தில் ஏர்கான் 24 விழுக்காடு, ஃப்ரிட்ஜ் 17 விழுக்காடு, வாட்டர் ஹீட்டர் 11 விழுக்காடு எடுப்பதாகத் தெரிந்தது. ஏர்கானுக்குத்தான் முதலிடம். ஆனாலும் மூன்று அறைக்கும் சேர்த்து ஏர்கான் மாற்றினால் பல ஆயிரம் வெள்ளி ஆகும். அதில் 400 ஒரு சின்னக் கழிவு, அவ்வளவே. நன்றாக ஓடுகிற ஏர்கானைப் பற்றுச்சீட்டுக்காகக் கழற்றிப் போடுவதில் பலனில்லை. வடிகட்டியைக் கழுவி, 25 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியைப் போட்டாலே அந்த 24 விழுக்காடு இறங்கும். ஏர்கான் எப்படியும் போகப்போகிறது என்னும்போது 5 டிக் வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் வேறு கதை. கதவு ரப்பர் தளர்ந்து, பின்பக்கம் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் உங்கள் வீட்டில் இருந்தால் பற்றுச்சீட்டை அதற்கே போடுங்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் எப்போதும் ஒரு பெரிய டப்பா இட்லி மாவு, தேங்காய், நேற்றைய குழம்பு என்று இடம் நிரம்பித்தான் இருக்கும், அதனால் ரொம்பச் சின்னதாகவும் வாங்க முடியாது. தேவையான கொள்ளளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த அளவுக்குள் யூனிட் குறைவானதைத் தேடுங்கள்.

ஃப்ரிட்ஜ் நன்றாக இருந்தால் அடுத்தது டிசி மின்விசிறி. சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட் எடுக்கிற இடத்தில் இது 30 வாட்டில் சுற்றும். நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 12 யூனிட் மிச்சம், கிட்டத்தட்ட மூன்றரை வெள்ளி. தொகை சின்னதுதான், ஆனால் கூடத்தில் ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் தேறும். ஏர்கானைச் சீக்கிரம் அணைக்கவும் அது உதவும். டியூப்லைட் இன்னும் பழைய வகையாக இருந்தால் மிச்சமிருக்கிற சில்லறைக்கு எல்இடி வாங்கிவிடலாம். ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பட்டியலில் இருந்தாலும் வீவக வீட்டில் அதை வைக்க இடம் வேண்டுமே! தரைவீட்டுக்காரர்களுக்கு அது சரிப்படும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டும். மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு மின்னோட்டம் வரலாம் என்பதை ஆம்பியர் கணக்கில் சொல்லும் எண் அது. 1994-க்கு முன் கட்டிய வீவக வீடுகள் பலவற்றில் 30 ஆம்பியர்தான். நம் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால், ஒரே நேரத்தில் 6.9 கிலோவாட் வரைதான் தாங்கும். ஒருவர் 3.3 கிலோவாட் ஹீட்டரில் குளிக்க, அடுப்படியில் கெட்டில் கொதிக்க, இரண்டு அறையில் ஏர்கான் ஓட, இன்னொருவர் சட்டை தேய்க்க ஆரம்பித்தால் எல்லையைத் தாண்டிவிடும். 40 ஆம்பியர் என்றால் 9.2 கிலோவாட் வரை போகலாம். 30 ஆம்பியர் வீட்டில் புதிதாக ஏர்கான் வைப்பதற்கு முன் வீவக அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி மாற்றுகிற வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்ய வேண்டும். “நானே பார்த்துக்கிறேன் அண்ணே” என்று பக்கத்து புளோக் தம்பி சொன்னாலும் வேண்டாம்.

இந்த ஆம்பியர் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. 1997-ஆம் ஆண்டு வரை கட்டிய வீவக வீடுகளுக்கான இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில், மின்சுமையைக் கூட்டித்தருவது அத்தியாவசிய வேலைகளில் ஒன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அந்தச் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்கிறது. கழிவறை, வாசற்கதவு போன்ற விருப்ப வேலைகளுக்கு மட்டும் வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை நாம் கட்ட வேண்டும். உங்கள் புளோக் தேர்ந்தெடுக்கப்பட்டால் வாக்கெடுப்பு நடக்கும். தகுதியுள்ள குடிமக்கள் குடும்பங்களில் 75 விழுக்காடு ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும். தூசியையும் சத்தத்தையும் நினைத்து ‘வேண்டாம்’ என்று போடுகிறவர்கள் இந்த மின்சுமை வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே பெட்டியில் ஆர்சிசிபி என்கிற மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் அது கட்டாயம். இல்லாத பழைய வீடுகளுக்குக் கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசமும் 2025 ஜூலை 1-உடன் முடிந்துவிட்டது. 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகளில்தான் இது இல்லாமல் இருக்க வாய்ப்பு. அதில் ‘டி’ என்று போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே சுவிட்ச் விழுந்து கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் முதலில் மின் பணியாளரைக் கூப்பிடுங்கள், ஃப்ரிட்ஜ் பார்க்க அப்புறம் போகலாம்.