‘இது ஏறுமுங்களா?’

ஊருக்குப் போனால் கல்யாண வீட்டிலோ காதுகுத்திலோ யாராவது ஒருவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்கும் கேள்வி இது. “ஏனுங் தம்பி, நீங்க காய்ச்சற பீரு ஏறுமுங்களா?” ‘காய்ச்சற’ என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகம் சுருங்கும். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.

என் வேலை காய்ச்சுவது அல்ல, காய்ச்சியதை முகர்ந்தும் ருசித்தும் தரம் பார்ப்பது. பெங்களூரில் சிறு பீர் ஆலைகளில் பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆந்திரச் சித்தூர் இல்லை, அது வேறு. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். கிழக்கே கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் வயது இந்தப் பக்கம் 23, அந்தப் பக்கம் 21. எல்லையில் வளர்ந்தவனுக்குக் குடியைப் பற்றிய பேச்சு புதிதல்ல. ஆனால் இரண்டு பக்கமும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: ஏறுமா, ஏறாதா.

சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் பற்றி இப்போது நம் பையன்கள் நிறைய எழுதுகிறார்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள், சனிக்கிழமை நான்கு பேர் சேர்ந்து போய் ஆறு வகை ருசித்துவிட்டு நட்சத்திரம் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாதிப் பேர் எழுதுவது, “நல்லா தூக்குச்சு, ஐந்துக்கு நாலரை.” இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும்.

பீர் போட்டிகளில் நடுவர்கள் பரவலாகப் பயன்படுத்தும், பிஜேசிபி என்ற பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, பார்வைக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ஏறியதற்கு என்று தனியாக ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. உயர்ந்த ஆல்கஹால் அந்த வகைக்குப் பொருந்தாமல் தொண்டையில் சுட்டால் மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

என் பெரியப்பா முப்பது வருஷம் தென்னை ஏறிக் கள் இறக்கியவர். பேரனைக் காலேஜில் சேர்க்க பெங்களூருக்கு வந்தபோது, காலையில் கடை திறப்பதற்கு முன் ஆலைக்குக் கூட்டிப் போனேன். முதலில் கோதுமை பீரை முகரக் கொடுத்தேன். “நேந்திரம்பழம் நல்லாக் கனிஞ்சு தோல் கறுத்துப்போன மாதிரி இருக்குது. கிராம்பு போட்டீங்களா கண்ணு?” என்றார். பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. ஜெர்மன் பாணிக் கோதுமை பீருக்குப் போடும் ஈஸ்ட், புளிக்கும்போது தானாகவே அந்த இரண்டு மணத்தையும் உண்டாக்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கிராம்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும்.

அன்றைக்கு ஒரு தொட்டியைப் பற்றி எங்களுக்குள் இரண்டு நாளாகச் சண்டை. புளிப்பு தட்டுகிறது என்று நான், இல்லை என்று காய்ச்சுகிறவர். பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கத் தட்டில் இட்டு வைத்திருந்தோம், பதில் வர நாள் ஆகும். பெரியப்பாவிடம் ஒரு வாய் கொடுத்தேன். முகர்ந்தார், நுனி நாக்கில் வைத்தார். “இது மத்தியானம் தாண்டிருச்சு” என்று சொல்லிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நாலாம் நாள் தட்டில் லாக்டோபேசிலஸ் என்ற புளிப்பு பாக்டீரியா வளர்ந்திருந்தது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பாளையிலிருந்து சொட்டும் நீர் பானையில் விழுந்த நிமிஷமே, பானையில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அவை அடங்கிக் கிடக்கும், கிடைப்பது தெளுவு, அதாவது புளிக்காத இனிப்பு நீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள், மறுநாள் காடி. இனிப்பு குறைந்து புளிப்பு ஏறும் அந்த வழியை மணிக்கணக்கில் பார்த்த நாக்கு அவருடையது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்றொரு பீர் உண்டு. தானியத்தை ஊறவைத்து எடுத்துக் கொதிக்கவைத்த சாற்றைக் குளிர்கால இரவில் அகலமான திறந்த தொட்டியில் விட்டு, காற்றில் வரும் நுண்ணுயிர்களாலேயே புளிக்க வைப்பார்கள். அதை ருசிக்கப் பலர் கடல் தாண்டிப் போகிறார்கள். கொள்கை நம் கள்ளுப்பானையுடையதுதான், அதை வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் பொறுமையாக நீட்டுகிறார்கள்.

பெரியப்பா ஏறுமா என்று கேட்கவே இல்லை. கேட்டது அவர் பேரன்.

சரி, அந்தக் கேள்விக்கே கணக்குப்படி பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். “பீர்தானே” என்பது எல்லையின் இரண்டு பக்கமும் கேட்கும் வசனம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருப்பது ஸ்ட்ராங் பீர். 650 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 41 கிராம். 42.8 சதவீத பிராந்தியில் 60 மில்லி பெக் ஒன்றில் இருப்பது சுமார் 20 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், இரண்டு லார்ஜ் பெக். 5 சதவீத பீர் பாட்டிலே 26 கிராம் வரும். ஈரல் ஒரு மணி நேரத்தில் தோராயமாக 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீரில் குளியல், கட்டன் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

கிராஃப்ட் பீர்க் கடையில் இதைவிட நைசான பொறி ஒன்று உண்டு. ஒரு பலகையில் ஆறு சின்னக் கிளாஸ் வைத்துத் தருவார்கள். ஒன்று 100 மில்லி என்றால் மொத்தம் 600. ‘சும்மா ருசி பார்த்தோம்’ என்று நினைத்து எழுந்திருப்பவர் ஏறக்குறைய ஒரு முழு பாட்டில் குடித்திருக்கிறார். நாங்கள் ஆலையில் ருசி பார்க்க ஒரு வகைக்கு 30 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. பலகையை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் விமர்சனமும் நேர்மையாக இருக்கும். நாலாவது கிளாஸுக்குப் பிறகு உங்கள் நாக்கு சொல்வதை நீங்களே நம்பாதீர்கள்.

இன்னொன்று, கிளிசரின் கதை. பீர் பாட்டிலைத் தண்ணீர் கிளாஸில் தலைகீழாகக் கவிழ்த்து, “பாருங்க கிளிசரின் இறங்குது” என்று காட்டுவார்கள். இறங்குவது பீர்தான். புளித்த பிறகும் பீரில் மிஞ்சும் மாவுச்சர்க்கரையால் அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அதனால் கோடாக இழுத்துக்கொண்டு கீழே போகிறது. புளிக்கும்போது ஈஸ்ட் கொஞ்சம் கிளிசரின் உண்டாக்கும் என்பது உண்மை. அது எல்லா நாட்டு பீரிலும் உண்டு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

உண்மையில் கவனிக்க வேண்டிய கோளாறுகள் வேறு. வெயில் பட்ட பாட்டிலில் கருகின ரப்பர் போல ஒரு நெடி வரும். பீருக்குக் கசப்பும் மணமும் தரச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைவதால் வருவது. பழுப்புக் கண்ணாடி நன்றாகக் காக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகக் காக்காது, டின் எல்லாவற்றையும்விட மேல். கடை வாசலில் வெயிலில் அடுக்கிய கிரேட்டைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்று புகுந்து பழசாகிவிட்டது என்று பொருள். வேகவைத்த சோளமோ முட்டைக்கோஸோ போல வந்தால் சாற்றைச் சரியாகக் கொதிக்க விடவில்லை. பச்சை ஆப்பிள் மணம் வந்தால் அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். உருகின வெண்ணெய் வாசமும் நாக்கில் வழுவழுப்பும் இருந்தால், ஈஸ்ட்டுக்குக் கடைசியில் கொடுக்க வேண்டிய ஓய்வைக் கொடுக்கவில்லை, அல்லது குழாயைக் கழுவவில்லை. இதில் நம் ஊர் மூக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. நெய் வாசம் என்றால் நல்லது என்று பழகிவிட்டோம், அதனால் இந்தக் கோளாறுக்கு நம் ஆட்கள் கூடுதல் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் தமிழ் நாக்குக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். வாழைப்பூவையும் பாகற்காயையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஹாப்ஸ் தருவது கசப்பு, அது நோக்கத்தோடு வருவது. மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் உமியை அதிகச் சூட்டில் அலசினால் வருவது துவர்ப்பு, அது தவறு. விமர்சனத்தில் ‘கசப்பு’ என்று மொத்தமாக எழுதாமல் இரண்டையும் பிரித்து எழுதினாலே காய்ச்சுகிறவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கோடையில், அப்போது நான் வேலை பார்த்த ஆலையில் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். தண்ணீரில் குளோரின் அதிகம், கரி வடிகட்டி தீர்ந்துபோயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நானும்தான். குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும், மிகச் சிறிய அளவிலேயே மூக்கு பிடித்துவிடும். டெட்டாலின் மருந்துப் பொருளும் அந்தக் குடும்பம்தான். ஆயிரம் லிட்டர் பீர் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணத்தது. கீழே கொட்டச் சொன்னேன். முதலாளி ஆரஞ்சு சிரப் ஊற்றி விற்கச் சொன்னார். நான் இரண்டாவது தடவை வாயைத் திறக்கவில்லை, சம்பள நாள் பக்கத்தில் இருந்தது. அந்த பீருக்கு ஒருவர் நாலு நட்சத்திரம் போட்டு, ‘மூலிகை வாசனை, வித்தியாசமான முயற்சி’ என்று எழுதியிருந்தார். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் சந்தேகம் வந்தால் தயங்காமல் எழுதுங்கள். எழுதுமுன் கொஞ்சம் ஒழுங்காக ருசியுங்கள். கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டி நின்றால் கிளாஸ் சுத்தமில்லை, வேறு கேளுங்கள். பல் கூசும் குளிரில் எந்தக் குறையும் தெரியாது, ஏல் எனப்படும், சற்றுக் கூடுதல் வெப்பத்தில் புளிக்கவைத்த பீர் வகைகளை உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து 10 டிகிரிப் பக்கம் வந்த பிறகு முகருங்கள். முதலில் மூக்கு, அப்புறம்தான் வாய். நாக்கின் நுனி இனிப்புக்கு, பின்பக்கம் கசப்புக்கு என்று பள்ளிக்கூடத்தில் போட்ட படத்தை மறந்துவிடுங்கள், அது தப்பு. நடுவில் தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். மசாலாக் கடலை, சிப்ஸ் எல்லாம் ருசித்து முடித்த பிறகு. மல்லிகை வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஹாப்ஸ் மணத்தைத் தேடாதீர்கள்.

மேலே சொன்ன கோளாறுகள் பணத்துக்கு நஷ்டம், உயிருக்கு ஆபத்தில்லை. ஹாப்ஸும் புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்த பீரில் நோய்க்கிருமிகள் பிழைப்பது கடினம். ஆனால் ஊர் பேர் தெரியாத சாராயத்தை ‘ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்’ என்று யாராவது நினைத்தால், அதற்கு என் தொழிலில் வழியே இல்லை. மெத்தனாலை நாக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

வண்டி விஷயம். மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. 65 கிலோ எடையுள்ள ஆண் ஒரு முழு ஸ்ட்ராங் பீரை வேகமாகக் குடித்தால் தோராயமாக அதன் மூன்று மடங்கைத் தொடுவார். கோபாலபுரத்தில் ஊதச் சொல்லும்போது ‘பீர்தானே சார்’ செல்லாது. உடம்பு விஷயத்தில் நான் டாக்டர் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்துவிட்டது என்று தெரியும், என் முப்பத்தாறாம் வயதில் ஸ்கேன் எடுத்தவர் ஈரலில் கொழுப்பு என்று சொன்னதும் தெரியும். அதிலிருந்து காலை ருசிப்பில் பெரும்பாலும் துப்பிவிடுகிறேன்.

மூக்கைப் பழக்க பீரே வேண்டியதில்லை. போன தடவை ஊருக்குப் போனபோது, முற்றத்தில் நெய், கிராம்பு, கறுத்த நேந்திரம்பழம், நனைத்த அட்டை, வேகவைத்த சோளம் எல்லாவற்றையும் மூடின டம்ளர்களில் வைத்து, கண்ணைக் கட்டி முகர விட்டேன். பெண்களும் பசங்களும்தான் அதிகம் ஜெயித்தார்கள். கல்யாணத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போன அதே மாமா ஐந்தில் இரண்டு சரியாகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அவர் போன் செய்தார். குரலில் பெருமை.

“தம்பி, நேத்து ஒரு பாட்டில் திறந்தனுங்க. நீங்க சொன்ன அட்டைப்பெட்டி வாசம் அப்படியே அடிச்சுதுங்க.”

“அப்புறம் என்ன பண்ணீங்க மாமா?”

“ஆனா ஏறுச்சுங்க.”