புண் ஆறியது, நோய் ஆறவில்லை

கருவுற்று ஏழு மாதம் ஆன பிறகு முதன்முறையாக, உடலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டு, நோய் இருப்பது தெரிந்ததும் பதறிப்போய் என் அறைக்கு அனுப்பி வைக்கப்படும் பெண்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். கடந்த மாதம் வந்தவரின் விடிஆர்எல் (சிஃபிலிஸைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை) முடிவு 1:64 என்று இருந்தது. அந்தத் தாளை அவர் நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தார். கணவருக்கு இன்னும் காட்டவில்லை என்றார். அவருக்கு வலி இல்லை, புண் இல்லை, காய்ச்சல் இல்லை. ஏன் இங்கே அனுப்பப்பட்டோம் என்பதுகூட அவருக்குச் சரியாக விளங்கியிருக்கவில்லை.

கணவரை அழைத்து வரச் சொன்னேன். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு வர வேண்டும்?" என்று முதல் வாரம் வர மறுத்துவிட்டார். சிகிச்சைக்கான இரண்டாவது பெனிசிலின் ஊசிக்கு மனைவி வந்தபோது உடன் வந்தார். தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்ட பிறகு, ஓராண்டுக்கு முன் ஆணுறுப்பில் சிறிய புண் ஒன்று வந்ததாகவும், வலியே இல்லாததால் ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவியதாகவும், சில வாரங்களில் தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டதாகவும் சொன்னார். "அதான் சரியாயிடுச்சே டாக்டர்" என்றார். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். பல ஆண்டுகளாக எத்தனையோ பேர் வாயால் இதைக் கேட்டுவிட்டேன்.

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். சிஃபிலிஸின் முதல் புண் எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே ஆறும். தொற்று ஏற்பட்டு 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வார அளவில், கிருமி உள்ளே நுழைந்த இடத்தில் அது தோன்றும். விளிம்பு பொத்தானைப் போலத் தடித்திருக்கும், தொட்டால் வலிக்காது. களிம்பு தடவினாலும் தடவாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் மறைந்துவிடும். ஆகவே, களிம்பு தடவி ஆறியது என்று நீங்கள் நினைப்பது, களிம்பு தடவிய காலத்தில் அது தானாக ஆறியது என்பதைத் தவிர வேறில்லை. புண் மூடிக்கொள்வதற்கு முன்பே கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. பெண்களுக்கு இந்தப் புண் பிறப்புறுப்பின் உட்பகுதியிலோ கருப்பை வாயிலோ இருக்கலாம் என்பதால் அவர்கள் அதைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போகிறது.

அதன் பிறகு, சில வாரங்களிலோ மாதங்களிலோ, உடலில் செந்நிறத் தடிப்புகள் தோன்றலாம். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. ஒவ்வாமை என்றும் வேர்வைக் கோளாறு என்றும் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். அதுவும் தானாகவே மறையும். மறுபடியும் "சரியாகிவிட்டது". என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு நான் சலிக்காமல் சொல்வது ஒன்று உண்டு: உடலெங்கும் தடிப்பு என்று எவர் வந்தாலும், முதலில் அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பாருங்கள், பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்கால்களைப் பாருங்கள். உள்ளங்கையில் செம்பு நிறத்தில் வட்டவட்டமாகத் தடிப்பு இருந்தால், வேறு எதையும் எழுதும் முன் விடிஆர்எல் எழுதுங்கள்.

இதற்குப் பின் வருவது மறைநிலை. ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. இந்த அமைதியைத்தான் மக்கள் நலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதே அமைதிக்குள் இருக்கும் பெண் கருவுற்றால், கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைகிறது. கருச்சிதைவு, குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறப்பது, குறைமாதப் பிறப்பு, குழந்தை நோயோடே பிறக்கும் பிறவிச் சிஃபிலிஸ் ஆகிய எதுவும் நேரலாம். கருவுறாதவர்களும் தப்பிவிடுவதில்லை. சிகிச்சை பெறாத சிலருக்கு, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பெருந்தமனியும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் இந்நோய் தாக்கலாம்.

இது பழங்காலத்து நோய், பறங்கிப்புண் என்றும் மேகநோய் என்றும் சொல்லி முடித்துவிட்ட கதை என்று படித்தவர்களே என்னிடம் கூறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 80 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிஃபிலிஸ் தொற்றியது. அதே ஆண்டில் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு இந்நோய் இருந்தது, அதனால் 3,90,000க்கும் மேற்பட்ட பிரசவங்களில் தீய விளைவுகள் ஏற்பட்டன. இந்நோயை அடியோடு ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் 1999இல் தேசியத் திட்டமே வகுத்த அமெரிக்காவில், 2022இல் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவிச் சிஃபிலிஸால் பாதிக்கப்பட்டனர். 2012ஐ ஒப்பிட்டால் அது பத்து மடங்குக்கும் மேல். 1943இலேயே பெனிசிலின் இந்நோயைக் குணமாக்கும் என்று கண்டறியப்பட்டுவிட்டது; இன்றுவரை அந்த மருந்துக்கு இக்கிருமி பணிந்தே போகிறது. மருந்து கையில் இருக்கும்போது குழந்தைகளை இழப்பதுதான் என்னால் தாங்கிக்கொள்ள முடியாத விஷயம்.

உடலுறவால் பரவும் இன்னொரு நோயான கொனோரியாவின் நிலை வேறு. அக்கிருமி ஒவ்வொரு மருந்தாக எதிர்ப்பு வளர்த்துக்கொண்டே வருகிறது. முன்பு ஒரு மாத்திரையில் தீர்ந்தது, இப்போது செஃப்ட்ரையாக்சோன் ஊசியை நம்பியிருக்கிறோம். சீழ் வடிகிறது என்று தாமாகவே மாத்திரை வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்துபவர்கள் இதை விரைவுபடுத்துகிறார்கள். அதே வழியில் பரவும் கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே காட்டாது; சிகிச்சை பெறாவிட்டால் கருக்குழாய்களைச் சேதப்படுத்தி, பிற்காலத்தில் குழந்தையின்மையில் கொண்டுபோய் விடலாம்.

என் அறைக்கு வருபவர்களும் மாறியிருக்கிறார்கள். முன்பெல்லாம் புண்ணோடும் சீழோடும் இளைஞர்கள் வருவார்கள். இப்போது எந்த அறிகுறியும் இல்லாமல், இரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் ஏந்தி வரும் மணமான பெண்களும், இனிக் கரு தங்கப் போவதில்லை என்று ஆணுறையை விட்டுவிட்ட 50 வயதைக் கடந்தவர்களும் கூடியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் பரிசோதனை செய்யப்படுவது கர்ப்பிணிக்கு மட்டுமே. முதலில் யாருடைய இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டதோ அவரிடமிருந்துதான் நோய் வந்தது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை எந்த இரத்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. 1:64 என்ற எண், கிருமிக்கு எதிராக உடல் எவ்வளவு தீவிரமாக வினைபுரிகிறது என்பதைக் காட்டும், ஒருவருடைய ஒழுக்கத்தைக் காட்டாது. அந்தத் தாளை நான்காக மடித்து ஒளித்து வைத்திருந்த பெண்ணின் அச்சம் இங்கிருந்துதான் வருகிறது. அந்த அச்சத்தால் சிகிச்சைக்கே வராமல் நின்றுவிட்ட பெண்களையும் நான் அறிவேன்.

எனவே, கருவுற்றது உறுதியானதும் முதல் வருகையிலேயே சிஃபிலிஸ் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் எழுத மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள், அது உங்கள் உரிமை. முடிவு பாசிட்டிவ் என்றால் கணவரோ துணைவரோ அதே நாளில் வர வேண்டும், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. இதற்கு முன் ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டு, விடிஆர்எல் அளவு நன்றாக இறங்கி, கணவர் சிகிச்சை பெறாததால் சில மாதங்களில் மீண்டும் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் சிகிச்சை முடிந்து மருத்துவர் சொல்லும்வரை உறவைத் தவிருங்கள். ஆணுறை பெரும் பாதுகாப்பு, ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்று ஏற்படக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். வாய்வழி உறவிலும் இந்நோய் பரவும். கழிப்பறை இருக்கையிலிருந்து பரவாது, தயவுசெய்து அந்தக் காரணத்தை என்னிடம் சொல்லாதீர்கள்.

தொற்றுக்கு வாய்ப்பிருந்த மறுநாளே பரிசோதித்து, 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைவதில் பொருளில்லை, மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்நோயில் பெனிசிலினைத் தவிர வேறு எந்த மருந்தும் குழந்தையைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. ஒவ்வாமை இருந்தால், மருத்துவமனையில் வைத்து அதைத் தணித்துவிட்டுப் பெனிசிலினையே கொடுக்கிறோம். முதல் ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். அது மருந்து ஒத்துக்கொள்ளாததன் அடையாளம் அல்ல, கிருமிகள் கூட்டமாக மடிவதால் வருவது. கர்ப்பிணிக்கு அதோடு வயிற்றில் இறுக்கம் தெரிந்தாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான் சொன்ன பெண்ணுக்குத் தொற்று எப்போது ஏற்பட்டது என்பது உறுதியாகத் தெரியாததால், வாரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட் கொண்ட மூன்று பென்சதீன் பெனிசிலின் ஊசிகள் போட்டோம். பிரசவத்துக்கு 30 நாளுக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் குழந்தைக்கு அது போதாது என்றே கருதுகிறோம், அந்த எல்லைக்கு முன்பே அவர் வந்து சேர்ந்தார். மூன்றாவது ஊசி சென்ற வாரம் முடிந்தது. கணவருடைய முடிவு 1:32 என்று வந்தது, அவரும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. குழந்தை பிறந்ததும் அதன் இரத்தத்தையும் தாயின் இரத்தத்தையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன்.