களியும் கணக்கில்தான் வரும்

"சோறே தொடறதில்லைங்க. மூணு வேளையும் ராகிக் களிதான். அப்புறம் எப்படிங்க சுகர் 300?"

பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி என எந்தப் பக்கமிருந்து சர்க்கரை நோயாளிகள் வந்தாலும் இதே கேள்விதான். இந்த வாரமும் இதே கேள்வி. பதிலை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

ராகியும் மாவுச்சத்துதான். அரிசியும் மாவுச்சத்து. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், பச்சரிசியில் சுமார் 78. இது நார்ச்சத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் குறைவு. ராகியின் மேன்மை அந்த நாரிலும் 364 மில்லிகிராம் கால்சியத்திலும் இருக்கிறது. மாவுச்சத்தே இல்லை என்பது யாரோ கட்டிவிட்ட கதை.

இப்போது நம் ஊர்க் களியைப் பாருங்கள். உலையில் முதலில் போவது அரிசி நொய். அது வெந்த பிறகுதான் மாவு. ஓர் உருண்டைக்கு 80 கிராம் மாவு, 30 கிராம் நொய் என்று வையுங்கள். மாவுச்சத்து மாவில் 53, நொய்யில் 23-க்கு மேல்; கூட்டினால் 77 கிராம். 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் சோற்றை அளந்து போடச் சொல்பவர், களியில் இரண்டாவது உருண்டையை யோசிக்காமலே வாங்கிக்கொள்வார். களியை மெல்லாமல் விழுங்குகிறோம் வேறு, எவ்வளவு போனது என்றே தெரிவதில்லை. "களி சுகருக்கு நல்லதுங்க" என்பதில் 'எவ்வளவு' என்ற சொல் எப்போதுமே விடுபட்டுவிடுகிறது. 2023-இல் நம் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம். அதுவும் அரிசிக்குப் பதில்தான், அரிசியோடு சேர்த்து அல்ல.

மாவுச்சத்தும் நாரில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிகளே. கோத்த விதம் வேறு. முதல் முடிச்சை நம் குடல் அவிழ்க்கும், இரண்டாவதை அவிழ்க்கத் தெரியாது. ராகியில் அந்த அவிழாத பங்கு பெரும்பாலும் தோலில் இருக்கிறது. மில்லில் நைசாக அரைத்து, வீட்டில் மெல்லிய சல்லடையில் சலித்து, தவிட்டை மாட்டுக்குக் கொட்டினால் நார் மாட்டுக்கு, மாவுச்சத்து உங்களுக்கு.

முளைகட்டிய ராகி இன்னும் மோசமாக ஏமாற்றும். முளைக்கும்போது சுரக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக ஆக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தக் கஞ்சி நீர்த்து, லேசாக இனிக்கிறது. ஆறு மாதம் கடந்த, பல் முளைக்காத குழந்தைக்கு அருமையான உணவு. சுகர் உள்ளவருக்கு, அதுவும் வெல்லம் தட்டிப்போட்டு, ஒரே மூச்சில் ஒரு டம்ளர் என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. சமையலறைத் தராசில் ஒருமுறை மாவை நிறுத்து, அந்த அளவு எந்த டம்ளரில் எதுவரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நொய் போடுவதை விட்டுவிடுங்கள். மாவைச் சலிக்காதீர்கள். ஒரு வேளைக்கு 60 கிராம் மாவில் ஆரம்பியுங்கள். அதில் மாவுச்சத்து 40 கிராம். கீரைக் கடைசலும் தட்டைப்பயறும் களியைத் தொட்டுக்கொள்ள மட்டும் அல்ல, தட்டில் பாதி அவையாக இருக்கட்டும். வெந்தயம் போடுபவர்கள் ஊறிய விதையையும் மென்று தின்னுங்கள். அதன் பிசின் பெரும்பகுதி விதையில்தான் இருக்கிறது. இசப்கோல் என்ற நார் உமி சாப்பிடுவதானால் உடனே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இல்லாவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ராகி அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பாஸ்பரஸ் இருக்கிறது.

என் பேச்சை நம்ப வேண்டாம், குளுக்கோமீட்டரை நம்புங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒன்று. ஒருநாள் ஓர் உருண்டைக்கு, இன்னொரு நாள் இரண்டுக்கு. பெரும்பாலானோருக்கு இரண்டாவது எண் 180-க்குள் இருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுக் குத்துங்கள். வெல்லம் தொட்ட விரல் பொய் சொல்லும்.

ஒரு விஷயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே களியைப் பாதியாக்கி, மாத்திரையையும் இன்சுலினையும் மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருக்காதீர்கள். களியின் அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, சுகர் 70-க்குக் கீழே போனால் களியோ பிஸ்கட்டோ உதவாது, மாவுச்சத்து உடைய நேரமாகும். 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை, வெல்லம்கூட வேலைக்காகாது. அவற்றை உடைக்கும் நொதியைத்தானே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் டப்பா இருந்தே ஆக வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.