கீபோர்டின் முதுகைப் பார்த்து வாங்குங்கள்

"அண்ணாச்சி, ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் உள்ளதா பாத்து வாங்கட்டும்?"

பாளையங்கோட்டையில் என் சர்வீஸ் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். கோயில் கொடை, சர்ச் அசன விழா, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று வாசிக்கப் போகிற பையன்கள்தான் அதிகம். ஆர்மோனியத்தை ஓரங்கட்டிவிட்டு கீபோர்டுக்கு மாறுகிற வில்லுப்பாட்டுக் குழுக்காரர்களும் வருவார்கள். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிற கீபோர்டு வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் வாட்ஸைக் கடைசியில் பாருங்கள். கடையில் முதல் வேலையாக கீபோர்டைத் திருப்பி வைத்து, முதுகில் என்னென்ன ஜாக், அதாவது வயர் சொருகும் துளை, இருக்கின்றன என்று பாருங்கள்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காசியோவின் சிடி-எக்ஸ் வரிசையை எடுத்துக்கொள்வோம். 700-ல் ஒரு ஸ்பீக்கருக்கு 2.5 வாட்ஸ், 3000-ல் 6 வாட்ஸ், 5000-ல் 15 வாட்ஸ். 2.5-க்கும் 15-க்கும் ஆறு மடங்கு வித்தியாசம். காதுக்கு ஆறு மடங்கு சத்தம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் ஏறும். சத்தம் இரட்டிப்பானது போல நம் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும்; அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். ஆறு மடங்கில் வருவது 8 டெசிபலுக்கும் கொஞ்சம் குறைவு. திறந்த வெளியிலோ தூரம் இரட்டிக்கும் போதெல்லாம் 6 டெசிபல் கரைந்துவிடும். ஸ்பீக்கர் தரம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், சின்ன கீபோர்டு 4 மீட்டரில் கேட்கிற அளவுக்குப் பெரியது 10 மீட்டரில் கேட்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு தவில் முழங்கினால் அந்த 15 வாட்ஸும் போன இடம் தெரியாது.

ஆக, உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் வாசிக்கிறவர் காதுக்கு. கூட்டத்துக்குக் கேட்க வைப்பது ஒலிபெருக்கி கட்டுகிற ரேடியோ செட்காரர் வேலை. வீட்டில் பழகும்போதும், பாடகரோடு மதியம் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கும்போதும், மேடையில் வாசிக்கிறவர் பக்கம் திருப்பி வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத இடத்திலும் இந்த ஸ்பீக்கர்தான் கைகொடுக்கும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு இதைவிட்டால் வழியே இல்லை: லோடு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டு ஹாலிலும் இறக்கி இரண்டு பாட்டு வாசித்துவிட்டு ஏற வேண்டும். அங்கே 2.5 வாட்ஸே தாராளம். இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது. 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவியும் அதில் சேரும். பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. எனவே பத்து மணிக்கு மேல் தெருவில் நின்று முழு வால்யூமில் வாசிக்காமல் வீட்டுக்குள் வாசியுங்கள்.

இனி முதுகுக்கு வருவோம். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்கும், ரேடியோ செட்டில் எல்லாச் சத்தத்தையும் கலந்து கொடுக்கிற மிக்சருக்கும் சேர்த்து ஒரே ஜாக்தான். அதில் பின்னைச் சொருகியதும் உள் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ரேடியோ செட்காரர் வயரை மாட்டிய நிமிடத்திலிருந்து உங்கள் காதுக்கு ஒன்றும் வராது. பெட்டிகள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும், நீங்கள் பின்னால் தடவிக்கொண்டிருப்பீர்கள். எந்த ஸ்பீக்கரை நம்பிக் காசு கொடுத்தீர்களோ அது கச்சேரியில் வேலையே செய்யாது. லைன் அவுட் என்று இடது, வலது தனித்தனி ஜாக் இருந்தால் ஹெட்ஃபோன் துளை சும்மா இருக்கும், ஸ்பீக்கர் பெரும்பாலும் பாடிக்கொண்டே இருக்கும். யமஹா பிஎஸ்ஆர்-ஈ473-ல் இப்படித் தனி ஜாக் உண்டு, ஸ்பீக்கரும் பக்கத்துக்கு 6 வாட்ஸ். எந்த மாடலானாலும் கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு பின்னைச் சொருகி அங்கேயே காதால் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கரை நிறுத்தவும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வில்லுப்பாட்டு மேடையில் தலைமைப் பாடகரான புலவரின் மைக்கும் உங்கள் கீபோர்டும் கை எட்டும் தூரத்தில் இருக்கும். கீபோர்டு சத்தம் வயர் வழியாக ஒரு தரம், அவர் மைக் வழியாக இன்னொரு தரம் மிக்சருக்குப் போனால் பாட்டு குழம்பிப் போகும்.

இந்த ஒற்றை ஜாக்கால் இன்னொரு தொல்லை. "பாஸே வர மாட்டேங்கு அண்ணாச்சி, பியானோ கிணத்துக்குள்ள இருந்து கேக்க மாதிரி இருக்கு" என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. வயரைக் கொண்டு வரச் சொல்வேன். இரண்டு முனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள வயராக இருக்கும். ஸ்டீரியோ பின்னின் நுனியில் இடது சத்தம், நடு வளையத்தில் வலது சத்தம். மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீடு நுனியிலிருந்து வளையத்தைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒன்று போல வருவது பாஸ், டிரம்ஸ், நடுவில் நிற்கிற மெலடி. கழித்தால் அதெல்லாம் பூஜ்யம்; எதிரொலியும் ஓரத்துச் சத்தமும் மட்டும் மிஞ்சும். சரி, மோனோ பின் போடலாம் என்றால், அது வலது பக்கத்தை நேராக கிரவுண்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் வயர்தான் இதற்கு மருந்து. மிக்சரில் இரண்டு சேனல் கேளுங்கள். ரேடியோ செட்காரரிடம் இருக்கும் என்று நம்பாமல் உங்கள் பையிலேயே ஒன்று கிடக்கட்டும். மேடையிலிருந்து மிக்சர் தூரமாக இருந்தாலோ, ஹம் சத்தம் வந்தாலோ நடுவில் சிக்னலை நீள வயருக்குத் தோதாக மாற்றுகிற டிஐ பாக்ஸ் ஒன்று போட்டு, கிரவுண்டைப் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சில மாடல்களில் ஸ்டீரியோவை அகலமாக்கிக் காட்டுகிற எஃபெக்ட் இருக்கும். வீட்டில் கேட்க அது அருமை. மோனோவில் ஓடுகிற ரேடியோ செட்டில் சத்தத்தைத் தின்றுவிடும். மேடைக்கு ஏறும் முன் அணைத்து வையுங்கள்.

அடுத்தது கரண்ட். நம் பக்கத்துக் கொடைகளில் கம்பத்திலிருந்து இழுத்த தற்காலிக லைன், இல்லாவிட்டால் ஜெனரேட்டர். மும்முனை லைனில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரக்கூடும். முதலில் சாவது அடாப்டர். அதோடு போனால் புண்ணியம். ஒரிஜினல் அடாப்டர் போய், பக்கத்துக் கடையில் "இதுவும் 12 வோல்ட்தாம்" என்று கொடுத்ததை மாட்டி போர்டையே எரித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வோல்ட் மட்டும் பொருந்தினால் போதாது. ஆம்பியர் குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் அது மாறும். ஜாக் பக்கத்தில் சின்ன வட்டமாக வரைந்திருப்பார்கள்.

பேட்டரி போட்டு வைத்தால் கரண்ட் போனாலும் கீபோர்டு ஓடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பல மாடல்களில் ஓடாது. அடாப்டர் பின் ஜாக்கில் இருக்கும் வரை பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டே இருக்கும். சுவரில் கரண்ட் போனால் கீபோர்டும் போகும். திரும்ப வரும்போது, சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் நிற்கும். புலவர் அஞ்சரைக் கட்டையில், அதாவது ஜி ஷார்ப் சுருதியில், பாடுகிறார், நீங்கள் டிரான்ஸ்போஸை மைனஸ் 4-ல் வைத்து ஒரு கட்டைக்கான (சி) விரல் வைப்பிலேயே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கரண்ட் கண் சிமிட்டிவிட்டு வந்ததும் அவர் ஜி ஷார்ப்பில் நிற்பார், கீபோர்டு சி-யில் முழங்கும். ஊரே திரும்பிப் பார்க்கும். கடையில் பேட்டரியைப் போட்டு, அடாப்டரையும் மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். அணைந்துவிடுகிற மாடல் என்றால் இரவு முழுக்கப் பேட்டரியிலேயே வாசிக்கலாம். 12 வோல்ட் கீபோர்டாக இருந்தால் வைஃபை ரவுட்டருக்கு விற்கிற மினி யூபிஎஸ்ஸை வோல்ட், ஆம்பியர், முனை மூன்றும் பார்த்து வாங்கலாம். பெரிய ஸ்பீக்கர் உள்ள மாடல்களில் பேட்டரி அறையே இல்லாமல் போவது சகஜம். வாட்ஸுக்கு ஆசைப்பட்டால் இதை விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இதே இனத்தில் இன்னொரு வில்லங்கம், தானாக அணைவது. யமஹா சின்ன மாடல்கள் 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும்படிதான் பெட்டியிலிருந்தே வருகின்றன. அசன விழாவில் தேவசெய்தி அரை மணியில் முடிகிற காரியமா? சபைப் போதகரான ஐயர் "ஆமென்" சொல்லி, பாடகர் குழு எழுந்து நின்று, நீங்கள் கை வைத்தால் கீபோர்டு செத்துக் கிடக்கும். பிஎஸ்ஆர்-ஈ வரிசையில் இடது ஓரத்துக் கடைசிக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் அந்தத் தூக்கம் ரத்தாகிவிடும். மற்ற மாடல்களில் மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் என்று தேடுங்கள்.

முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது, சுரத்தை வளைத்து இழுக்கிற பிட்ச் பெண்ட் வீல். நாதஸ்வர டோனிலோ புல்லாங்குழல் டோனிலோ ஒரு கமகம் கூட இழுக்க முடியாத கீபோர்டை வைத்துக்கொண்டு நம் ஊரில் என்ன செய்ய? இதில்தான் ஏமாறுவார்கள். காசியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் கைப்பிடியோடு, 3.3 கிலோவில், ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. 300-ல் மட்டும்தான் பிட்ச் பெண்ட் இருக்கிறது, விரல் அழுத்தத்துக்குத் தக்கபடி சத்தம் மாறும் டச் ரெஸ்பான்ஸும் இருக்கிறது. கேரலுக்கும் சின்ன மேடைக்கும் நான் சொல்வது 300. யமஹாவின் ஐ வரிசையிலும் காசியோவின் ஐஎன் என்று முடிகிற மாடல்களிலும் இந்தியாவுக்கென்றே தபலா, டோலக், தம்புரா என்று சேர்த்திருக்கிறார்கள். என் காதுக்கு அவற்றில் வடக்கத்திச் சாயல்தான் தூக்கல். கொடைக்கு வேண்டிய உறுமியும் பம்பையும் ஸ்டைலில், அதாவது கீபோர்டில் தானாக ஓடும் தாளத்தில், கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதற்கு ரிதம் பேட் தட்டுகிற ஆளோ நிஜ மேளம் அடிக்கிற ஆளோ வேண்டும். பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை, 32 மட்டும் என்றால், ஸ்டைலை ஓடவிட்டுப் பெடலை மிதித்து ஸ்ட்ரிங்ஸ் பிடிக்கும்போது பழைய சுரங்கள் பாதியில் அறுந்து விழும். 48-க்குக் குறையாமல் பாருங்கள்.

பெரிய மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டால் இந்தப் பேச்சே மாறிவிடும். அங்கே ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, ஜூனோ-டிஎஸ் மாதிரி ஸ்பீக்கரே இல்லாத கீபோர்டுகள்தான் மேடையில் நிற்கும். சவுண்ட் ஆள், மானிட்டர் எல்லாம் உறுதியாக இருக்கிற இடம் அது.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் அடிக்கடி வாசிக்கிறவர்கள் ஜாக்குகளைக் கவனியுங்கள். உப்புக்காற்று முதலில் அங்கேதான் பச்சை பிடிக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் தேரி மண் வேறு ரகம். அது கட்டைகளுக்கு அடியில் இறங்கும். டச் ரெஸ்பான்ஸ் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கும். ஒன்று பட்டு அடுத்தது படுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான் நீங்கள் மெதுவாக அடித்தீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்று கீபோர்டு புரிந்துகொள்கிறது. இடையில் தூசி உட்கார்ந்தால் கணக்கு தப்பி, மெல்லத் தொட்ட சுரம் திடீரென்று அலறும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. தேங்காய் எண்ணெயையும் துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயையும் அதில் விட்டுக் கொண்டு வராதீர்கள், ரப்பரே ஊறிப்போகும். கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டிய வேலை அது. பணகுடி, ராதாபுரம் ஆடிக் காற்றில் மூன்று கிலோ கீபோர்டை எக்ஸ் ஸ்டாண்டில் விரித்து வைத்தால் சாய்த்துவிடும். அங்கே ஸ்டாண்டைப் பெஞ்சோடு கட்டுங்கள்.

பழைய கீபோர்டு வாங்குகிறவர்களும் நிறைய. எல்லாக் கட்டைகளையும் ஒரே டோனில், முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி, வரிசையாக அடித்துக்கொண்டு போங்கள். அலறுகிறதும் ஊமையும் தானே தெரியும். பாஸ் டோனைப் போட்டு முக்கால் வால்யூமில் கீழ்க் கட்டைகளை அழுத்துங்கள், கிழிந்த ஸ்பீக்கர் கரகரக்கும். பின்னைச் சொருகி லேசாக ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். அது சாலிடர் விட்ட ஜாக், சின்ன வேலைதான், அதற்காக வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. அடாப்டர் ஒரிஜினல் இல்லையென்றால் புதிதின் விலையை விசாரித்து, அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.