கத்தி படாமல் கை நடுக்கத்தை நிறுத்தும் ஒலி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா தையற்கடை வைத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மடியில் வைத்திருக்கும்போது கை சும்மா இருக்கும். டீ கிளாஸை எடுத்தால் பாதி சட்டையில் கொட்டும். கள்ளுக்குப் பேர்போன சித்தூர் வட்டாரம். குடியால் வந்த நடுக்கம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அவர் குடித்ததே இல்லை. அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது.

அது 'எசென்ஷியல் ட்ரெமர்' என்ற நரம்புக் கோளாறு. அசைவைச் சீராக்கும் சிறுமூளையின் செய்தி, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மேல்மூளைக்குப் போகிறது. அந்தப் பாதையில் வேண்டாத தாளம் ஒன்று விடாமல் அடிக்க, கை அதற்கு ஆடுகிறது. தலாமஸில் சில மில்லிமீட்டர் இடத்தைச் செயலிழக்க வைத்தால் தாளம் அறுந்துவிடும். முன்பு இதற்கு மண்டையோட்டில் துளை போட்டார்கள். இப்போது காதுக்குக் கேட்காத ஒலியே போதும்.

கல்பாத்தித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நேரம் வடம் பிடித்தால் அசையாது. எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால் நகரும். நோயாளியின் தலையில் கவிழ்க்கும் கிண்ணத்தில் 1024 ஒலிமூலங்கள் இருக்கின்றன. தனி அலை எதுவும் வழியிலுள்ள மூளையைச் சுடாது. எல்லாம் ஒன்றுகூடும் புள்ளியில் மட்டும் வெப்பம் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அந்தத் திசு வெந்துவிடும்.

சிக்கல் எலும்பில்தான். அதற்குள் ஒலி வேகமாக ஓடும் என்பதால், தடித்த இடத்தில் நுழைந்த அலை முந்திக்கொள்ளும். அதனால் முன்னதாகவே சிடி ஸ்கேனில் மண்டையோட்டை அளந்து, ஒவ்வொரு மூலத்தின் நேரத்தையும் கணினி திருத்துகிறது. எலும்பு சூடாகாமலிருக்க, மழித்த தலையைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும்.

நோயாளி எம்ஆர்ஐ கருவிக்குள் விழித்தே இருப்பார். முதலில் இளஞ்சூடு. அதில் திசு சாகாது, சற்று நேரம் ஓய்ந்திருக்கும், அவ்வளவுதான். சுருள்கோடு வரையச் சொல்வார்கள். நடுக்கம் குறைந்ததா, உதடோ விரலோ மரத்ததா என்று பார்த்து, தேவைப்பட்டால் புள்ளியை நகர்த்துவார்கள். அப்புறம்தான் நிரந்தரச் சூடு. சுடும் முன்பே சோதித்துப் பார்க்க முடிவது எனக்குப் பெரிய ஆறுதல்.

அமெரிக்கா 2016இல் இதற்கு அனுமதி தந்தது. அதே ஆண்டு 76 பேரை வைத்து வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை நடுக்க மதிப்பெண் மூன்று மாதத்தில் சராசரியாக 47 சதவீதம் குறைந்திருந்தது. சிலருக்கு மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் வரலாம். நடுக்கம் ஓரளவு திரும்பலாம். ஒலி புக இடம் தராத மண்டையோடு உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. பார்க்கின்சன் நோயிலும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் நோயை அது மாற்றாது.

எல்லோருக்கும் இது தேவையுமில்லை. ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரையிலேயே பலருக்கு நடுக்கம் குறையும். பெரியப்பாவை அந்த மாத்திரைக்குக்கூட நாங்கள் யாரும் கூட்டிப்போகவில்லை.